லேசர் கதிரும் மென்படலமும்

நார்வே நாட்டிலே ஸ்நாரும் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பாறைகளில் முத்துப்போல் ஒளிரும் வெண்ணிறக் கனிமம் ஒன்று கிடைத்தது. நகத்தாற் கீறினாலும் தடம் படும் அத்துணை மென்மையுடையது அது. 1842-ஆம் ஆண்டில் அதற்கு ஹைடிரோடால்சைட் எனப் பெயரிட்டனர். வயிற்றெரிச்சலுக்கு உண்ணும் சில மாத்திரைகளில் இன்றும் அப்பொருள் சேர்கின்றது.

அதன் உள்ளமைப்பு வியக்கத்தக்கது. மெக்னீசியமும் அலுமினியமும் ஹைடிராக்சைடு வடிவில் இணைந்து, தாள்மேல் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு நானோமீட்டர் ஆகும். ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு உள்ள தொலைவு ஏறத்தாழ முக்கால் நானோமீட்டரே! அலுமினியம் கலந்தமையால் தாள்கள் நேர்மின்னேற்றம் பெறுகின்றன. ஆதலின் அவற்றின் இடையில் எதிர்மின்னேற்றமுடைய கார்பனேட்டு அயனிகளும் நீரும் குடியிருக்கின்றன. அக்குடிகளை மாற்றவும் இயலும். கார்பனேட்டு மட்டும் எளிதில் இடம் விடாது. இவ்வகைப் பொருள்களை அடுக்கு இரட்டை ஹைடிராக்சைடுகள் என்பர். ஆய்வுக்கூடத்திலும் இவற்றைச் செய்துகொள்ளலாம்.

இக்குணத்தால் விளையும் நன்மை பெரிது. விமானத்தின் அலுமினியக் கலவையைக் கடற்காற்றிலுள்ள குளோரைடு அரிக்கின்றது. நெடுங்காலம் அதனைக் காத்துவந்த குரோமேட்டுப் பூச்சோ புற்றுநோய் விளைக்கும் நஞ்சு. அரிப்பைத் தடுக்கும் அயனிகளைத் தாள்களிடையே அடைத்து உலோகத்தின்மேற் படலமாக அமைத்தால், குளோரைடு உள்ளே புகும். காக்கும் அயனி வெளிவரும். ஆனால் தூளாகக் கிடக்கும் பொருள் உலோகத்தைப் பற்றி நில்லாது. அதனைப் படலமாக்குவது எங்ஙனம்?

அதற்குரிய வழிகளுள் ஒன்று லேசர். 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மைமன் என்பார் முதல் லேசர்க் கதிரை எழுப்பினார். அக்கதிரால் பொருளை ஆவியாக்கிப் படலம் படியச் செய்யலாம் என்பதை 1965-இல் ஸ்மித், டர்னர் என்னும் இருவர் காட்டினர். பொருளை வில்லையாக அழுத்தி வெற்றிடக் கலத்துள் வைப்பர். கதிர் துடிப்புத் துடிப்பாக அதன்மேற் பாயும். தாக்குண்ட இடத்திலிருந்து ஒளிரும் புகைக்கொழுந்து எழுந்து, எதிரே வைத்த சிலிக்கான் தகட்டிற் படியும். வில்லை சுழன்றுகொண்டே இருக்கும். இன்றேல் ஒரே இடத்திற் குழி விழும்.

இங்கேதான் இடர் தோன்றுகின்றது. ஹைடிரோடால்சைட் வெப்பம் பொறாதது. ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் நீரும் கார்பனேட்டும் நீங்கித் தாளடுக்கு குலைந்துவிடும். கதிர் தாக்கும் புள்ளியிலோ அதனினும் பன்மடங்கு வெப்பம்! ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டை அடுத்த மகுரேலியில் உள்ள லேசர் ஆய்வு நிலையத்தார் இவ்விடரை ஆராய்ந்தனர். துடிப்பு ஒவ்வொன்றும் ஒரு வினாடியின் நூறு கோடியில் சில கூறுகளே நீடிப்பது. வெப்பம் வில்லையின் ஆழத்தில் இறங்குமுன் அது முடிந்துவிடும். ஆகவே அடுக்கமைப்புடைய படலங்களை அவர்களால் வளர்க்க முடிந்தது.

இதனினும் மென்மையான முறை ஒன்றுண்டு. தூளை நீரிற் கலந்து, திரவ நைட்ரஜனாற் பனிக்கட்டியாக உறையச் செய்வர். கதிரின் வேகத்தைப் பெரும்பாலும் பனிக்கட்டியே ஏற்று ஆவியாகும். ஆவியைக் குழாய் உறிஞ்சிக்கொள்ள, நுண்டுகள்கள் ஊறின்றித் தகட்டை அடையும். எனினும் இப்படலம் சற்றே கரடுமுரடாக இருக்கும்.

அடுக்குக் குலைந்தாலும் எல்லாம் இழந்ததாகாது. எஞ்சிய ஆக்சைடுக் கலவையை நீரில் இட்டால், நீரையும் அயனிகளையும் ஏற்று மீண்டும் தாளடுக்காகிவிடும்! அறிஞர் இதனை நினைவாற்றல் என்றே வழங்குகின்றனர். மிகுதியாகச் சூடேறி ஸ்பினல் என்னும் படிகமாகிவிட்டால் மட்டும் அந்நினைவு மீளாது.

லேசர் ஒரு முறையிற் பூசும் பரப்பு சில சதுரச் சென்டிமீட்டரே. ஆதலின் விமான இறக்கைக்கு நீரிலே வளர்க்கும் வேறு முறைகளை நாடுகின்றனர்; லேசர்ப் படலம் சிறு உணர்கருவிகளுக்கே ஏற்றதாகும்.