விதியும் வீரரும்

கூபர்டின் பெருமகனார் 1894-ஆம் ஆண்டு பாரிசு மாநகரில் ஒலிம்பிக் இயக்கத்தைத் தோற்றுவித்தார். ஊதியம் பெற்று விளையாடுவோர் அதன் போட்டிகளிற் கலந்துகொள்ளலாகாது என்பது அவ்வியக்கத்தின் பழைய விதிகளுள் ஒன்று. செல்வர்க்கு அஃது ஒரு பொருட்டன்று. உழைத்துண்ணும் எளியோர்க்கோ பெருந்தடையாயிற்று.

அமெரிக்கப் பழங்குடியிற் பிறந்த ஜிம் தார்ப் என்பார், 1912-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஐந்துதுறைப் போட்டி, பத்துத்துறைப் போட்டி ஆகிய இரண்டிலும் முதலிடம் பெற்றார். அவர் 1909, 1910-ஆம் ஆண்டுகளில் சிறு ஊதியத்திற்குப் பேஸ்பால் ஆடியவர் என்பது பின்னர் வெளிப்பட்டது. கல்லூரி மாணவர் பலர் அந்நாளில் புனைபெயர் பூண்டு அவ்வாறு ஆடினர். தார்ப் தம் பெயரை மறைத்திலர். 1913-இல் அவர்தம் பதக்கங்கள் பறிக்கப்பட்டன.

முறையீடு எதுவாயினும் 30 நாட்களுக்குள் செய்யப்படல் வேண்டும் என்பதும் அப்போட்டிகளின் விதியே. முறையீடு எழுந்ததோ ஏறத்தாழ ஆறு திங்கள் கழித்து! ஒரு விதியைக் காக்கப் புகுந்தோர் மற்றொரு விதியை மறந்தனர்.

தார்ப் 1953-இல் மறைந்தார். ஊதியத்தடை பின்னாளில் தளர்ந்தது. 1982-இல் ஒலிம்பிக் குழு அவரை மீண்டும் ஏற்றது. எனினும் முதலிடத்தைப் பிறரோடு பகிர்ந்தே அளித்தது. மறு ஆண்டு பதக்கங்களின் படிகள் அவர்தம் மக்களிடம் சேர்ந்தன. தனி முதல்வர் என அவர் பெயர் பொறிக்கப்பெற்றது 2022-ஆம் ஆண்டிலேதான்.