குடவோலையும் கணிப்பொறித் தொகுதிப் பதிவும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளமை யாவரும் அறிந்ததே. அவற்றுள் கி.பி. 921-ஆம் ஆண்டுக்குரியது, 30 குடும்புகளிலிருந்தும் குடும்புக்கு ஒருவராக 30 பேரைச் சபையார் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றது. அவருள் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் உரியராயினர். இதற்கெனச் சபை முப்பது முறை கூடவில்லை, ஒருங்கே கூடியது. எனினும் எடுத்த ஒவ்வோர் ஓலையையும் மத்தியஸ்தன் ஐவிரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தான். அங்கிருந்த நம்பிமாரும் வாசித்தனர். ஒருங்கு கூடுதல், ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தல் என்னும் இவ்விரண்டுமே நாம் இங்கு ஆராயும் பொருளுக்கும் அடிப்படையாம்.

தேர்வுக் கட்டணம் செலுத்திய 500 மாணவர்தம் பதிவுகளைத் தரவுத்தளத்தில் மாற்றவேண்டும் எனக் கொள்வோம். நிரல் ஒரு கணிப்பொறியிலும் தரவுத்தளம் மற்றொன்றிலும் இருப்பின், ஒவ்வொரு கட்டளையும் சென்று விடை கொணர்தல் வேண்டும். ஒரு பயணத்திற்கு 2 மில்லிவினாடி எனின், 500 பயணத்திற்கு ஒரு வினாடி. 50,000 ஆயின் 100 வினாடி வீணாம். இக்குறை நீக்கவே, பொருள்நோக்கு மொழியாகிய ஜாவாவில், 1998-இல் வெளிவந்த 1.2 பதிப்பு முதல் தொகுதிப் பதிவு இடம்பெற்றது.

அதன் முறை எளிது. ‘பிரிப்பேர்டுஸ்டேட்மென்ட்’ என்னும் பொருள், மதிப்புகளுக்கு வெற்றிடம் விட்டெழுதிய கட்டளையைத் தாங்கும். ஒவ்வொரு மாணவனின் எண்ணையும் அதில் நிரப்பி, ‘ஆட்பேட்ச்’ என்பதால் தொகுதியிற் சேர்க்கின்றோம். இறுதியில் ‘எக்ஸிக்யூட்பேட்ச்’ என்பதால் அனைத்தையும் ஒருங்கே அனுப்புகின்றோம். பதிவுகள் மிகப் பலவாயின், நினைவகம் நிரம்பாவண்ணம் ஆயிரம் ஆயிரமாகப் பகுத்து அனுப்புதல் நலம்.

ஈண்டுத் தொடக்க மாணாக்கர் பலர் மயங்குவர். ஒருங்கே அனுப்பியவை ஒருங்கே நிறைவேறும் என்பது பிழை. 301-ஆம் கட்டளை தவறின், முந்தைய 300-உம் நிலைத்துவிடலாம். பிந்தியவை நிறைவேறுதலும் நின்றுபோதலும் தரவுத்தளத்தோடு இணைக்கும் இயக்கியைப் பொறுத்தன. ஆதலின், தானே உறுதிசெய்யும் ‘ஆட்டோகமிட்’ நிலையை முதற்கண் நிறுத்துக. யாவும் செவ்வையாயின் ‘கமிட்’ செய்க. ஒன்று தவறினும் ‘ரோல்பேக்’ செய்து பழைய நிலைக்கு மீள்க. ஆயிரமாகப் பகுத்தனுப்பினும், உறுதிசெய்தல் இறுதியில் ஒருமுறையே ஆகுக.

இதனினும் நுண்ணியது ஒன்றுண்டு. தொகுதி நிறைவேறியதும் ஓர் எண்வரிசை விடையாக வரும். ஒவ்வோர் எண்ணும் அவ்வக் கட்டளை மாற்றிய பதிவுகளின் தொகை. 1 எனின் நன்று. -2 எனின், நிறைவேறியது, தொகை தெரியாது என்பது பொருள். -3 எனின் தோல்வி. 0 எனின் பிழையறிவிப்பு எழாது. ஆயினும் எப்பதிவும் மாறவில்லை. மாணவனின் எண் ஓரிலக்கம் பிறழ்ந்திருப்பினும் இவ்வாறு நேரலாம். அதனைக் காணாது ‘கமிட்’ செய்வோமாயின், கட்டணம் செலுத்திய ஏழை மாணவன் ஒருவன் தேர்வுநாளில் தன் பெயரின்றி வாயிலில் நிற்பான்.

வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் அக்கல்வெட்டு விலக்கிவைத்தது. நாம் எழுதும் நிரலுக்கும் அவ்விதியே பொருந்தும். விரைவுக்காகப் பதிவுகளை ஒருங்கே அனுப்புவோம். விடையெண்களையோ ஓலை வாசித்தாற்போல் ஒவ்வொன்றாய் வாசிப்போமாக.