உமியும் தவிடும்: வீணென்று ஒதுக்கத் தகுமோ?

ஆரணி, வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களில் நம்மவருள் பலர் தலைமுறை தலைமுறையாக நெல் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். எனினும், அரிசி வீடு வந்து சேர்ந்தபின் ஆலையில் எஞ்சியது என்னவாயிற்று என்று நாம் வினவுவதில்லை. 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமியும், 5 முதல் 8 கிலோ வரை தவிடும் பிரிகின்றன. இவை கழிவா, செல்வமா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல் முதலியவற்றைப் பிரமாதசரியை என விலக்குகிறது, ஆசாரிய சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம். மறதியாலும் சோம்பலாலும் நேரும் தீங்கும் தீங்கே என்பது இதன் கருத்து. இதனை மனத்திற்கொண்டு ஆலைக்குள் நுழைவோம்.

தவிடு

பழைய ஹல்லர் இயந்திரத்தில் உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து விழும். அதிலிருந்து எண்ணெய் எடுப்பது கட்டுப்படியாகாது. ரப்பர் உருளைகள் கொண்ட ஆலைகள் உமியை முதலில் நீக்கிவிட்டுப் பின்னரே அரிசியைத் தீட்டுவதால் தூய தவிடு தனியே கிடைக்கிறது. அதில் 100க்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய் உள்ளது.

ஆனால் இச்செல்வத்திற்கு ஆயுள் குறைவு. தவிட்டில் லைபேஸ் என்னும் நொதியும் இருக்கிறது. நெல் முழுமையாக இருக்கும்வரை நொதியும் எண்ணெயும் தனித்தனியே நிற்கின்றன. அரிசி தீட்டப்பட்டவுடன் இரண்டும் கலக்கின்றன. சில மணி நேரத்திலேயே எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலமாக மாறத் தொடங்குகிறது. சில நாள்களில் சிக்கு வாடை வீசும். பிறகு அது உணவெண்ணெய்க்கு உதவாது. ஆகவே பச்சரிசித் தவிட்டை உடனே நீராவியால் சூடாக்கி நொதியின் ஆற்றலை அழிக்க வேண்டும். புழுங்கலரிசித் தவிடு விரைவில் கெடுவதில்லை. நெல்லை அவிக்கும்போதே அந்நொதி பெரும்பாலும் அழிந்துவிடுவதே காரணம்.

எண்ணெயைக் குளிரவைத்தால் மெழுகு பிரிந்து படியும். பூச்சுப் பொருள்களிலும் அழகுப் பொருள்களிலும் தேன்மெழுகுக்கு மாற்றாக இது பயன்படுகிறது. தேனடையை அழித்துப் பெறும் பொருளை விலக்குகிற நமக்கு இது நற்செய்தியன்றோ? எண்ணெய் நீங்கிய தவிடோ கால்நடைத் தீவனமாகிறது.

அறிவியலும் தவிட்டுக்குக் கடன்பட்டுள்ளது. தீட்டிய அரிசியையே உண்டவர்களை வாட்டிய பெரிபெரி நோய்க்கு மருந்து தேடிய காசிமிர் பங்க், தவிட்டை ஆராய்ந்தவர். 1912இல் 'வைட்டமின்' என்ற சொல்லை உலகிற்குத் தந்தவரும் அவரே.

உமி

உமி ஆலையிலேயே எரிபொருளாகிறது. ஒரு நாள் நெல்லின் உமி மறுநாள் நெல்லை அவிக்க உதவுகிறது. இது நன்றே. ஆனால் 20 கிலோ உமி எரிந்தால் சுமார் 4 கிலோ சாம்பல் மிஞ்சும். அதனைச் சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் கொட்டிச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். காற்றில் பறந்து வழிப்போக்கர் கண்ணில் விழுவதும் அதுவே.

அச்சாம்பலில் 100க்கு 85 பங்குக்கு மேல் சிலிக்காவாகும். 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் எரித்தால் சிலிக்கா படிகமாகாமல் வினைபுரியும் தன்மையோடு இருக்கும். வெப்பம் மிகுந்தால் படிகமாகிவிடும். அப்படிகத் தூள் நுரையீரலுக்கும் கேடு. ஆக, ஒரே உமி, எரிக்கும் முறையால் பயனாகவும் நஞ்சாகவும் மாறுகிறது.

முறையாக எரித்த சாம்பலை நன்கு அரைத்துச் சிமெண்டுடன் சேர்த்தால் அது சுண்ணாம்புடன் இணைந்து கான்கிரீட்டை உறுதியாக்கும். 2000ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இதற்கு இடமளித்துள்ளது. சாம்பலைக் காரச்சோடாக் கரைசலில் கொதிக்கவைத்துச் சிலிக்காவைக் கரைத்துப் பின் கரியமில வாயுவைச் செலுத்தினால் சிலிக்கா வெண்பொடியாகப் படியும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் இவ்வகை முறையொன்றை உருவாக்கியுள்ளது. உமிச் சாம்பல் சிலிக்காவை டயர் தயாரிப்பில் பயன்படுத்தப் போவதாகக் குட்இயர் நிறுவனம் 2014இல் அறிவித்தது.

நாம் கொள்ளும் பாடம்

தேங்கிய தவிட்டில் என்ன நேரும் என்பதை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். ஈரம் சேரும், பூஞ்சை படரும், வண்டும் புழுவும் தோன்றும். தோன்றியபின் வெயிலில் கொட்டினாலும் தீயிலிட்டாலும் எண்ணற்ற உயிர்கள் மாயும். அந்த ஹிம்சைக்குக் காரணம் நம் காலத்தாழ்வே. குறித்த பொழுதில் பயன்கொண்டால் பொருளும் கெடாது, உயிரும் வருந்தாது. பொருளாதாரமும் அறமும் இங்கு ஒரே வழியைக் காட்டுகின்றன.

ஆகவே ஆலை நடத்தும் அன்பர்கள் தவிட்டை அன்றன்றே எண்ணெய் ஆலைக்கு அனுப்புக; சாம்பலை மூடிவைத்து, கேட்போர்க்கு வழங்குக. மாடு வளர்ப்போர் வேண்டிய அளவே தவிடு வாங்குக. நாம் அனைவரும் எதையேனும் எறியுமுன் ஒரு கணம் நின்று, "இதன் பயன் முடிந்ததா, நம் கவனம் முடிந்ததா?" என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.