முதல் திறந்தநீர் நீச்சல் போட்டி: நோயிலிருந்து மீண்டோர்க்கும் உடனிருப்போர்க்கும்

திறந்த நீர்ப்பரப்பில் 10 கிலோமீட்டர் நீந்தும் போட்டி 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆடவர் பிரிவில் தங்கம் வென்றவர் நெதர்லாந்து நாட்டின் மார்ட்டன் வான் டெர் வெய்டன். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், 2001இல், அவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. கீமோதெரபியும் குருத்தணு மாற்றுச் சிகிச்சையும் பெற்ற பிறகு 2003இல் அவர் போட்டி நீச்சலுக்குத் திரும்பினார். பெய்ஜிங் பந்தயத்தின் பெரும்பகுதியில் அவர் முந்திச் செல்ல முயலவில்லை. முன்னே செல்வோரின் பின்னால் தங்கி, வலிமையைச் சேமித்து, இறுதிக் கட்டத்தில் மட்டும் விரைந்தார். இரண்டாமவரை இரண்டு நொடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றார்.

அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மன உறுதியைப் புகழ்ந்து முடிப்பர். அவரோ, நல்லெண்ணம் கொண்டால் புற்றுநோயை வெல்லலாம் என்னும் கூற்றை வெளிப்படையாக மறுத்தவர். நம் வாசகர்கள் அதையே முதலில் கருத்தில் கொள்ள வேண்டும் என விரும்புகிறோம். சிகிச்சைக்குப் பின் கடலிலோ ஏரியிலோ ஒரு போட்டியில் நீந்த விரும்புவது நியாயமான ஆசை. ஆனால் அந்த ஆசை நிறைவேறுமா என்பதை மனத்திடத்தைக் காட்டிலும் இதயம், நுரையீரல், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றின் நிலையே தீர்மானிக்கிறது.

நீருக்குள் இதயம்

“டிரெட்மில் சோதனையில் தேறிவிட்டேன், பிறகென்ன தடை?” என்பது இதய நோயாளர்கள் பலர் கேட்கும் கேள்வி. தடை இருக்க வேண்டும் என்பதில்லை. எனினும் டிரெட்மில்லில் ஓடுவதும் நீரில் நீந்துவதும் இதயத்திற்கு ஒரே வேலை அல்ல. கழுத்தளவு நீரில் இறங்கியவுடன், நீரின் அழுத்தத்தால் கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தம் மார்பை நோக்கித் தள்ளப்படுகிறது. ஏறத்தாழ அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் இவ்வாறு இடம்பெயர்கிறது. நீரில் இறங்கிய சற்று நேரத்தில் சிறுநீர் கழிக்கத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். நலமான இதயம் இந்தக் கூடுதல் சுமையை எளிதில் ஏற்கும். இறைக்கும் திறன் குறைந்த இதயமோ திணறும். அப்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

குளிர்ந்த நீரில் மற்றோர் இடரும் உண்டு. 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் திடீரென இறங்கினால், நம்மை அறியாமலே ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கப்படும், மூச்சு வேகமெடுக்கும், நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும். அதே வேளையில், முகம் குளிர்நீரில் அமிழ்வதால் எழும் மற்றோர் அனிச்சைச் செயல் இதயத்தின் வேகத்தைக் குறைக்க முயலும். இவ்விரு கட்டளைகளும் ஒருசேரச் சென்றால் துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும். குளிரால் எழும் இந்த மூச்சுத் திணறல் முதல் நிமிடத்தில் மிகுந்திருந்து, சில நிமிடங்களில் தணிந்துவிடும். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் கொண்ட டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த திடீர் மரணங்களுள் பெரும்பாலானவை நீச்சலின்போதே நேர்ந்துள்ளன என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நம் கரையோரக் கடலில் அத்தகைய குளிர் இல்லை. ஆனால் கூட்ட நெரிசல், முகத்தில் அறையும் அலை, காலுக்கடியில் தெரியாத ஆழம் ஆகியவை ஏற்படுத்தும் மிரட்சியும் மூச்சை ஏறத்தாழ அவ்வாறே குலைக்கின்றன. மிரண்டவர் மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பார், வெளிவிட மறப்பார். ஆகவே முதல் போட்டிக்கான பயிற்சியில் தொலைவைவிட முதன்மையானது, முகம் நீருக்குள் இருக்கும்போது குமிழி குமிழியாக மூச்சை முழுவதும் வெளிவிடும் பழக்கமே.

நமக்குரிய இடர் குளிரன்று, வெப்பம். மேலைநாட்டுக் கையேடுகளைப் படிப்போர் இதைத் தவறவிடுகின்றனர். தமிழகக் கடலின் மேற்பரப்பு ஆண்டின் பெரும்பகுதியில் 27 முதல் 30 பாகை வரை இருக்கும். வெதுவெதுப்பான நீரில் நீந்துகையில் உடல் வெப்பம் எளிதில் வெளியேறாது. வியர்ப்பதும் நமக்குத் தெரியாது. தாகமும் தாமதமாகவே தோன்றும். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில், வெப்பம் மிகுந்த கடலில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பென் உயிரிழந்தார். அவருக்கு வயது 26; உலகத் தரம் வாய்ந்தவர். அதன் பின்னர், நீரின் வெப்பம் 31 பாகையைத் தாண்டினால் போட்டி நடத்தலாகாது என்று பன்னாட்டுக் கூட்டமைப்பு விதி வகுத்தது. உள்ளூர்ப் போட்டியில் பெயர் கொடுக்கும்போது நீரின் வெப்பநிலை அளக்கப்படுமா என்று கேளுங்கள். அமைப்பாளரால் விடை கூற இயலாவிட்டால், அப்போட்டி உங்களுக்குரியதன்று.

யார் பொறுத்திருக்க வேண்டும்

பைபாஸ் அறுவைச் சிகிச்சை பெற்றவரின் நெஞ்செலும்பு கூடிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை கையை வீசி நீந்தும் பயிற்சி கூடாது; அதன் பின்னரும் அறுவைச் சிகிச்சை மருத்துவரின் இசைவு வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர், ஸ்டென்ட் வைத்தவர், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர் ஆகியோர்க்கு ஒரே விடை கிடையாது. இதய மருத்துவரே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கூற வேண்டும். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென, அதிலும் நீந்தும்போது, இறந்திருந்தால் அதை மறவாமல் சொல்லுங்கள். பிறப்பிலேயே அமைந்த சில துடிப்புக் கோளாறுகளை நீச்சல் தூண்டக்கூடும். அவற்றைச் சிலபோது ஓர் எளிய ஈ.சி.ஜி.யே காட்டிக்கொடுத்துவிடும்.

நீரிழிவு நோயாளர் நீந்தலாம்; பலர் நன்றாகவே நீந்துகின்றனர். ஆனால் சர்க்கரை தாழும்போது தோன்றும் வியர்வையையும் நடுக்கத்தையும் நீரில் உணர முடியாது. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உண்போர்க்குப் படபடப்பும் தோன்றாமல் போகலாம். எனவே நீரில் இறங்குமுன் சர்க்கரையை அளந்து பார்ப்பதும், நீச்சல் உடைக்குள் ஒரு குளுக்கோஸ் பொதியை வைத்துக்கொள்வதும், அன்றைய இன்சுலின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் தேவை. பாதத்தில் சிறு புண் இருந்தாலும் அன்று நீரில் இறங்க வேண்டாம். கல்லீரல் நோயாளர்க்கு இது இன்னும் கண்டிப்பானது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் சில பாக்டீரியாக்கள் புண்ணின் வழியே புகுந்து அவர்களுக்கு உயிராபத்து விளைவிக்கும்.

வலிப்பு நோயைப் பற்றி மென்மையாகச் சொல்ல வழியில்லை. குளத்தில் வலிப்பு வந்தால் ஒருவர் தூக்கிவிடுவார்; கடலில் நூறு பேர் நடுவே வந்தால் எவரும் கவனியாமல் போகலாம். நெடுங்காலம் வலிப்பின்றி இருப்பவரும் நரம்பியல் மருத்துவரின் இசைவும், பக்கத்திலேயே தொடரும் படகும் இருந்தாலன்றிப் போட்டியில் இறங்க வேண்டாம்.

கீமோதெரபி பெற்று வருவோரும், கையிலோ கழுத்திலோ வெளியே தெரியும் சிகிச்சைக் குழாய் உள்ளோரும் திறந்த நீரில் நீந்தலாகாது. மழைக்குப் பிந்தைய ஏரி நீரை யாவரும் தவிர்க்க வேண்டும். எலிக்காய்ச்சல் அந்நீர் வழியாகவே பரவுகிறது.

குளத்தில் கற்க வேண்டியவை

நீச்சல் குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு சுவர் உண்டு. அடியில் கோடு உண்டு. கடலில் இரண்டும் இல்லை. ஆகவே சுவரைத் தொடாமல், தரையில் காலூன்றாமல், போட்டித் தொலைவைப் போல ஒன்றரை மடங்கை நிதானமாக நீந்த முடிகிறதா என்று பாருங்கள். முதல் போட்டிக்கு 500 மீட்டர் அல்லது 1 கிலோமீட்டர் போதும். இரண்டு மூன்று மாதப் பயிற்சி வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும், ஒரே தடத்தில் மூன்று பேர் உடல் உரச நீந்திப் பழகுங்கள். நேரே செல்லும் பழக்கத்திற்கு, ஏழெட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை முதலையைப் போலக் கண்ணை மட்டும் நீருக்குமேல் உயர்த்தி முன்னே பாருங்கள். தலை முழுவதும் எழும்பினால் இடுப்பு தாழும். களைப்பு விரைவில் வரும். இரு பக்கமும் மூச்செடுக்கக் கற்றவருக்கு, அலை எப்பக்கம் வந்தாலும் இடரில்லை.

எல்லாவற்றினும் மேலாக, மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மூச்சுக் குலையும்போது நீந்த முயலாமல், மல்லாந்து படுத்து, மூச்சு சீரானபின் தொடர வேண்டும். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் மிதவைப் பையை, விதி அனுமதித்தால், வெட்கமின்றிக் கட்டிக்கொள்ளுங்கள்.

போட்டிக்குமுன் அதே கடலில் இரண்டு மூன்று முறையேனும், தனியாக அன்றி, நீந்திப் பார்க்க வேண்டும். அவ்வூர் மீனவரிடம் கேட்டால் அன்றைய நீரோட்டத்தைச் சொல்லிவிடுவர். அவர்கள் அதை நீவாடு என்பர். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடலாகாது. கரைக்கு இணையாகச் சற்றுத் தொலைவு நீந்தி, இழுப்பு நின்றபின் திரும்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கிழக்குக் கடல் புதியவர்க்கு ஏற்றதன்று.

போட்டி நாளன்று

புதிய உணவு, புதிய கண்ணாடி, புதிய உடை எதுவும் அன்று வேண்டாம். அக்குளிலும் கழுத்திலும் வாசலின் தடவிக்கொண்டால் உப்புநீரில் தோல் உரசிப் புண்ணாகாது. தொடங்குமுன் முகத்தையும் மார்பையும் நனைத்து, ஆழங்குறைந்த நீரில் சில நிமிடம் மிதந்து பாருங்கள். ஊதல் ஒலித்ததும் முன்வரிசையினர் பாய்ந்து செல்லட்டும். ஒரு நிமிடம் தாமதித்து, ஓரமாகத் தொடங்குவதே புதியவர்க்கு நலம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, விட்டுப்போன மாத்திரை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்று கரையிலேயே நின்றுவிடுங்கள்.

உடனிருப்போர்க்குக் கைதட்டுவதைவிடப் பெரிய பணி உண்டு. நீந்துபவரின் நோய், மருந்துகள், ஒவ்வாமை, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு படியைப் போட்டியின் மருத்துவக் குழுவிடம் முன்னரே கொடுங்கள். நோயை மறைத்துப் பதிவு செய்யத் துணை போகாதீர்கள். நீந்துபவரின் தொப்பி நிறத்தையும் எண்ணையும் நினைவில் வையுங்கள். நீரில் மூழ்குபவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை; ஓசையின்றி நிமிர்ந்த நிலையில் தத்தளிப்பார். நீங்கள் நீரில் குதிக்காமல், உயிர்காப்பாளரை அழையுங்கள்.

கரையேறியவரை உடனே நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். நீரின் அழுத்தம் நீங்கியதும் இரத்தம் கால்களுக்கு இறங்குவதால் மயக்கம் வரலாம். முதலில் உட்கார வையுங்கள். நிழலும் நீரும் கொடுங்கள். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரையை மீண்டும் அளந்து பாருங்கள். அன்றிரவும் அது தாழக்கூடும். இருமல் நிற்காதிருந்தாலும், சளியில் இளஞ்சிவப்பு நுரை தெரிந்தாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும், நெஞ்சு கனத்தாலும் அது உப்புநீர் குடித்ததால் என்று எண்ணி வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது உண்டு. உட்கார்ந்த நிலையிலேயே ஆம்புலன்சில் ஏற்றி அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். வாசலிலேயே “நீந்திவிட்டு வருகிறார்” என்று சொல்லுங்கள்.