ஒன்றரை மனிதர்

அன்புள்ள தம்பிக்கு,

நோக்கம் நல்லதாக இருந்தால் வழி கொஞ்சம் கோணலாக இருக்கலாமா, பௌத்தம் இதற்கு என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தாய். பாலி நூல்களில் இருவர் இதே கலக்கத்தோடு நிற்கிறார்கள். இருவருக்கும் கிடைத்த பதில்கள் நேர் எதிரானவை.

முதலாமவர் புத்தரிடம் வந்த ஒரு படைத்தலைவர். களத்தில் தீரமாகப் போரிட்டு மடிகிறவன் சொர்க்கம் புகுவான் என்று மூத்தோர் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டார். புத்தர் இருமுறை பதில் சொல்ல மறுத்தார். மூன்றாம் முறையும் வற்புறுத்தவே, எதிரில் நிற்பவர்கள் அழியட்டும் என்ற எண்ணத்தோடு சாகிறவன் நரகத்துக்கே போவான் என்றார். படைத்தலைவர் அழுதுவிட்டார். இத்தனை காலம் மூத்தோரிடம் ஏமாந்திருந்தோமே என்ற அழுகை அது. புத்தரின் உரைகளைத் தொகுத்த சங்யுத்த நிகாயத்தில் இந்த உரையாடல் இருக்கிறது.

இரண்டாமவர் இலங்கை மன்னர் துட்டகைமுனு. கி.மு. 161-இல் தமிழ் மன்னர் எல்லாளனைக் கொன்று அனுராதபுரத்தைக் கைப்பற்றியவர். அரச சுகத்துக்காக அல்ல, புத்த சாசனத்துக்காகவே போரிடுவதாக அறிவித்தவர். வென்றபின் அவரால் மகிழ முடியவில்லை. மாண்டவர்களின் நினைவு வாட்டியது. அப்போது எட்டு அருகதர்கள், அதாவது ஞானம் எய்திய துறவிகள், வந்து தேற்றியதாக இலங்கையின் பாலி வரலாற்று நூலான மகாவம்சம் கூறுகிறது. இறந்தவர்களில் ஒருவன் புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடைந்தவன் மட்டுமே, அவன் அரை மனிதன்; இன்னொருவன் ஐந்து சீலங்களையும் ஏற்றவன், அவன் முழு மனிதன். ஆக, கொல்லப்பட்ட மனிதர்கள் ஒன்றரைப் பேர்தான், மற்றவர்கள் விலங்குக்கு ஒப்பானவர்கள் என்றார்களாம்.

இந்தக் கணக்கு பௌத்தத்துக்குள்ளேயே நிற்காது, தம்பி. முதல் சீலம் மனிதக் கொலையை மட்டும் விலக்கவில்லை, எல்லா உயிர்க்கொலையையும் விலக்குகிறது. விலங்கு என்று சொல்லியும் தப்ப முடியாது.

சுமார் 600 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட கதைதானே என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2017 அக்டோபரில் மியான்மரின் செல்வாக்குமிக்க துறவி சீதகு சயாடோ, ராணுவ அதிகாரிகளிடையே பேசியபோது இதே கதையை எடுத்துச் சொன்னார். ரோஹிங்கியா மக்கள் லட்சக்கணக்கில் வங்கதேசத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

பௌத்தத்தின் இன்னொரு பெரும் பிரிவான மகாயானத்தில் விதிவிலக்கு உண்டே என்று நீ கேட்கலாம். உண்டு. உபாயகௌசல்ய சூத்திரத்தில் ஒரு கப்பல் தலைவர், 500 வணிகர்களைக் கொல்லத் திட்டமிட்ட கொள்ளையனைத் தானே கொல்கிறார். வணிகர்களிடம் சொன்னால் அவர்கள் வெறுப்பில் கொன்று பாவம் சுமப்பார்கள்; விட்டுவிட்டால் கொள்ளையன் அவர்களைக் கொன்று நரகம் போவான். ஆகவே அந்த நரகத்தைத் தானே ஏற்கத் துணிகிறார். சூத்திரம் அவரை மெச்சுகிறது. ஆனால் கொன்றது மனிதனே அல்ல என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. கொள்ளையன்மீதும் அவருக்குக் கருணை இருந்தது. அவரை முன்னுதாரணமாகக் காட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்த நரகத்துக்குத் தயாராக இருக்கிறார்கள்?

புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சிறுவயதில் சொன்னது உனக்கும் உதவும். செய்வதற்கு முன், செய்யும்போது, செய்த பின் என மூன்று வேளையும் அந்தச் செயல் தனக்கோ பிறருக்கோ துன்பம் தருகிறதா என்று பார்க்கச் சொன்னார். செய்த பின் தவறென்று தெரிந்தால் ஆசானிடமோ அறிவுள்ள தோழரிடமோ மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். துட்டகைமுனுவின் மனவாட்டம் அந்த மூன்றாவது பார்வைதான். அவர் அதை மறைக்காமல் வாய்விட்டும் சொன்னார். தேற்ற வந்தவர்கள்தான் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அன்புடன்,
அண்ணன்