ஆஸ்திரேலிய சைல்ட் கேர் மையங்களில் தன்னார்வத் தொண்டு

ஆஸ்திரேலியாவில் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் சைல்ட் கேர் மையங்களில் பெரும்பாலானவை, 2012 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தேசியத் தரக் கட்டமைப்பின்கீழ் இயங்குகின்றன. குழந்தைகளின் பாதுகாப்பு, உணவு, உறக்கம், விளையாட்டு, பணியாளர் தகுதி என அனைத்துக்கும் அதில் விதிகள் உண்டு. மகன், மகள் வீட்டில் சில மாதங்கள் தங்க வந்த பெற்றோர், துணையின் வேலைக்காகக் குடிபெயர்ந்தவர், படிக்க வந்த மாணவர் என எவரும் இம்மையங்களில் சம்பளமில்லாமல் உதவலாம். ஆனால் ஆசை மட்டும் போதாது. ஆவணங்கள் முதலில் தயாராக வேண்டும்.

விசா

சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பள வேலை செய்யக் கூடாது. தொண்டு செய்யலாம்; அதற்கும் எல்லை உண்டு. பயணத்தின் முதன்மை நோக்கம் சுற்றுலாவாகவோ உறவினரைப் பார்ப்பதாகவோ இருக்க வேண்டும். பணமோ வேறு கைம்மாறோ பெறக் கூடாது. உள்ளூர்வாசி ஒருவர் சம்பளத்துக்குச் செய்யக்கூடிய வேலையை இலவசமாகச் செய்து கொடுக்கவும் கூடாது. மாணவர் விசாவில் இருப்போருக்குப் பொதுவாக, வகுப்புகள் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலை வரம்பு உண்டு. ஆகவே தொண்டு அந்தக் கணக்கில் சேருமா என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். சைல்ட் கேர் மையத்தில் பணியாற்றும் நோக்கம் இருந்தால் விசா விண்ணப்பத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கேட்கப்படலாம்.

பின்னணிச் சோதனை

குழந்தைகளுடன் பழகும் ஒவ்வொருவரும் அரசின் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். நாடு முழுவதுக்கும் பொதுவான ஒரே அட்டை கிடையாது; ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் இதன் பெயர் ‘வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்’. இது ஐந்து ஆண்டுகள் செல்லும். குயின்ஸ்லாந்தில் ‘ப்ளூ கார்டு’. மூன்று ஆண்டுகள் செல்லும். இம்மூன்று மாநிலங்களிலும் தன்னார்வலருக்குக் கட்டணம் இல்லை. இலவசமாகப் பெற்றதை வைத்துப் பின்னர் சம்பள வேலைக்குப் போக முடியாது. அதற்கெனத் தனியாக மாற்றிக்கொள்ள வேண்டும். சோதனை முடிந்து அனுமதி வரும் வரை மையத்தில் காலடி வைக்காமல் இருப்பதே சரி.

இந்தச் சோதனை முக்கியமாக ஆஸ்திரேலியப் பதிவுகளையே பார்க்கிறது. அதனால் அண்மையில் வந்தவரிடம் சொந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழையும் சில மையங்கள் கேட்கும். இந்தியக் குடிமக்கள் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக இதைப் பெறலாம். புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

தடுப்பூசிப் பதிவும் கையில் இருக்கட்டும். குழந்தைகளைப் பராமரிப்போர் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, கக்குவான், சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ, ஃப்ளூ ஆகியவற்றுக்கான பாதுகாப்பைப் பெற்றிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு மருத்துவப் பரிந்துரை.

மையத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒவ்வொரு மையத்தின் தர மதிப்பீட்டையும் அரசின் ‘ஸ்டார்ட்டிங் பிளாக்ஸ்’ தளத்தில் பார்க்கலாம். தரத்தை எட்டியது, தரத்தை விஞ்சியது, தரத்தை நோக்கி முன்னேறுகிறது என்று அதில் குறித்திருப்பார்கள். பெரிய தனியார் மையங்கள் பெரும்பாலும் பயிற்சி மாணவர்களையே எடுத்துக்கொள்கின்றன. நகராட்சி நடத்தும் மையங்கள், பெற்றோர் குழு நடத்தும் கிண்டர்கார்டன்கள், தாய்மார் கூடும் பிளேகுரூப்கள் ஆகியவற்றில் வாய்ப்பு அதிகம். மின்னஞ்சல் மட்டும் அனுப்பிக் காத்திருப்பதைவிட, காலைப் பரபரப்பும் மாலைப் பரபரப்பும் இல்லாத நேரமாகப் பார்த்து நேரில் போய் இயக்குநரைச் சந்திப்பது பலன் தரும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தன்னார்வலருக்குக் காப்பீடு உண்டா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பெயர், முகவரி, பிறந்த தேதி, வந்து போன நேரம் ஆகியவற்றை மையம் பதிவு செய்து வைக்கும்.

தன்னார்வலரின் இடம்

குழந்தைகளைப் பொறுப்பேற்றுப் பார்ப்பவர் ‘எஜுகேட்டர்’. இரண்டு வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு ஒரு எஜுகேட்டர் இருக்க வேண்டும் என்பது நாடு தழுவிய விதி. இரண்டு முதல் மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர்; விக்டோரியாவில் நான்கு பேருக்கு ஒருவர். அதற்கு மேல் பொதுவாகப் பதினொரு பேருக்கு ஒருவர். நியூ சவுத் வேல்ஸில் பத்துப் பேருக்கு ஒருவர். தன்னார்வலர் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும் கூடுதல் கை. ஒரு குழந்தையுடனும் அவர் தனியாக விடப்படக் கூடாது. டயபர் மாற்றுவது, மருந்து கொடுப்பது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது ஆகியவை எஜுகேட்டரின் வேலைகள். ஆள் குறைவு என்று சொல்லி இவற்றைத் தலையில் கட்டினால் மறுத்துவிடலாம்; மறுக்கவும் வேண்டும்.

கதை வாசிப்பது, மணல் தொட்டியில் உடன் விளையாடுவது, வண்ணம் கரைத்துக் கொடுப்பது, பொம்மைகளைக் கழுவி அடுக்குவது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது ஆகியவை தன்னார்வலருக்கு உரியவை. அந்நாட்டுப் பாடத்திட்டம் விளையாட்டு வழியாகக் கற்பதையே முன்வைக்கிறது. இது 2009இல் வெளியாகி 2022இல் திருத்தப்பட்டது. எனவே குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித்தர அவசரப்பட வேண்டாம். குழந்தை எதைச் செய்கிறதோ அதில் உடன் சேர்ந்துகொள்வதே போதும்.

நம் பழக்கமும் அங்குள்ள வழக்கமும்

அன்பு காட்டும் விதத்தில்தான் தமிழருக்குத் தடுமாற்றம் வரும். கன்னத்தைக் கிள்ளுவது, முத்தமிடுவது, கேட்காமல் தூக்கி மடியில் வைத்துக்கொள்வது கூடாது. அழும் குழந்தை தானே கை நீட்டினால், எஜுகேட்டரின் கண்ணெதிரில் அணைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டு நேரத்தில் “இன்னும் ஒரே ஒரு வாய்” என்று ஊட்டக் கூடாது. எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும். வீட்டில் செய்த கடலை உருண்டையும் முந்திரிப் பருப்புப் போட்ட பாயசமும் எவ்வளவு ஆசையாகக் கொண்டுபோனாலும் உள்ளே அனுமதியில்லை. பல மையங்கள் கொட்டைப் பருப்புகளை அடியோடு தவிர்க்கின்றன; ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உயிராபத்து.

அடிப்பதும் மிரட்டுவதும் சட்டப்படி குற்றம். “போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்” என்று விளையாட்டுக்கும் சொல்லக் கூடாது. பெரியவர்களையும் குழந்தைகள் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொந்த செல்போனைப் பைக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மையத்துக்குச் சொந்தமான கருவியில் மட்டுமே குழந்தைகளைப் படமெடுக்கலாம் என்று 2024இல் வெளியான தேசிய நெறிமுறை கூறுகிறது. சொந்தப் பேரக்குழந்தை அங்கே இருந்தாலும் விதி ஒன்றுதான்.

புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் வெளியில் வருவோர் அகலமான தொப்பி அணிந்து, சன்ஸ்கிரீன் பூச வேண்டும்; குழந்தைகள் பெரியவர்களைப் பார்த்தே இதைப் பழகுகின்றன. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருந்தால் அன்று வரவே கூடாது.

தமிழ் பயன்படும் இடம்

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் சுமார் 95,000 பேர் வீட்டில் தமிழ் பேசினர். மெல்பர்ன், சிட்னி புறநகர்களில் ஆங்கிலம் அறியாமல் மையத்துக்கு வரும் தமிழ்க் குழந்தைகள் உண்டு. தண்ணீர் வேண்டும், தூக்கம் வருகிறது, அம்மா எப்போது வருவாள் என்பதைச் சொல்லத் தெரியாமல் அழும் அந்தக் குழந்தைக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் பெரிய ஆறுதல். அத்தகைய சொற்களை ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுதி எஜுகேட்டரிடம் கொடுக்கலாம். கை வீசிப் பாடும் குழந்தைப் பாடல்களையும் நிலாச்சோறு கதைகளையும் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லலாம். பெற்றோரிடம் பேச மொழிபெயர்க்கும்போது, கேட்டதை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுச் செய்தியை இன்னொரு வீட்டில் பேசக் கூடாது.

குழந்தையின் உடலில் காயமோ நடத்தையில் அச்சமோ தெரிந்தால் தானாக விசாரிக்காமல் உடனே இயக்குநரிடம் சொல்ல வேண்டும். அங்கே நடவடிக்கை இல்லையென்றால் மாநில ஒழுங்குமுறை அமைப்பிடம் புகார் செய்யலாம். உயிராபத்துக்கு அவசர எண் 000.

வேலையாக மாற்ற விரும்பினால்

தொண்டு செய்த அனுபவம் மட்டும் வேலைத் தகுதி ஆகாது. ‘சர்டிஃபிகேட் 3’ படிப்பு அடிப்படைத் தகுதி. அதில் மையத்தில் 160 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அதில் சேருமுன் இத்துறை தனக்குப் பொருந்துமா என்று அறியத் தொண்டு நல்ல வழி.

சிறு குழந்தைகள் தவறாமல் வரும் முகத்தையே நம்புகின்றன. எனவே வாரத்தில் ஒரு நாளானாலும் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வர வேண்டும். ஊர் திரும்பும் தேதியையும் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்; குழந்தைகளை அதற்குத் தயார் செய்ய எஜுகேட்டருக்கு அவகாசம் தேவை. இந்த ஒழுங்குக்கு உடன்பட முடியாதவர் தொண்டைத் தொடங்காமல் இருப்பதே குழந்தைகளுக்குச் செய்யும் நன்மை.