மைக்ரோவேவ்: தப்பு அடுப்பிலா, பட்டனிலா?

சாம்பார் சாதத்தின் ஓரம் நாக்கைச் சுடும். நடுவில் ஃபிரிட்ஜின் சில்லிப்பு அப்படியே இருக்கும். இட்லியோ ரப்பராகிவிடும். ‘பால் காய்ச்சத்தான் லாயக்கு’ என்று பல வீடுகளில் மைக்ரோவேவை ஒதுக்கிவைக்க இதுதான் காரணம். குறை பெரும்பாலும் நாம் அதைக் கையாளும் விதத்தில் இருக்கிறது.

நம்பிக்கை: மைக்ரோவேவ் உணவை உள்ளிருந்து வெளியே வேகவைக்கிறது.

உண்மை: நுண்ணலைகள் உணவின் மேற்பரப்பிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் வலுவாக இறங்கும். அதற்குள்ளே இருப்பது, வெளிச்சூடு மெல்லப் பரவித்தான் வேக வேண்டும். எனவே சாதத்தைக் குவிக்காமல் பரப்பி, நடுவில் குழி விடுங்கள். இட்லிகளை நடுவில் வைக்காமல் தட்டின் ஓரத்தில் வட்டமாக அடுக்கி, ஈரத்துணியால் மூடுங்கள்.

நம்பிக்கை: தட்டு சுற்றுவதால் எல்லா இடமும் சீராகச் சூடாகும்.

உண்மை: வீட்டு மைக்ரோவேவ் பெரும்பாலும் 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது, அலைநீளம் சுமார் 12 செ.மீ. உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் சேர்ந்து வலுக்கும், இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். பொரிக்காத அப்பளம் ஒன்றை உள்ளே வைத்துக் கதவு வழியே பாருங்கள்: திட்டுத்திட்டாக வெளுத்துப் பொரியும், சில இடங்கள் பின்தங்கும். சுழலும் தட்டு இந்த வித்தியாசத்தைக் குறைக்குமே தவிர, போக்காது. குழம்பு, கூட்டு எதுவானாலும் பாதி நேரத்தில் ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறுங்கள்.

நம்பிக்கை: ‘ஹை’ ஒன்று போதும், மற்ற பவர் அளவுகள் சும்மா.

உண்மை: ருசி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இன்வெர்ட்டர் இல்லாத மாடல்களில் 50 சதவீதம் என்று வைத்தால் அலையின் வலு பாதியாவதில்லை. முழு வலுவில் சில நொடி ஓடும், சில நொடி ஓயும். காது கொடுத்தால் உறுமல் எழுந்து அடங்குவது கேட்கும். அந்த ஓய்வில்தான் சூடு உள்ளே இறங்குகிறது. உறைந்த கறிக்கு இது ரொம்பவே முக்கியம். பனிக்கட்டி, தண்ணீர் அளவுக்கு நுண்ணலையை உறிஞ்சாது. ‘ஹை’யில் வைத்தால் முதலில் உருகிய ஓரம் வெந்தே போகும், நடு கல்லாகவே கிடக்கும். பனீர், முட்டைக் குழம்பு, பால் இனிப்புகளுக்கும் பாதி பவரே நல்லது.

நம்பிக்கை: ‘பீப்’ சத்தம் வந்ததும் பரிமாறலாம்.

உண்மை: மூடியபடியே இரண்டு நிமிடம் விடுங்கள், ஓரத்துச் சூடு நடுவுக்குப் போய்ச் சேரட்டும். மீந்த உணவு எல்லா இடத்திலும் 70 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் ஸ்பூனை விட்டுப் பாருங்கள். ஆவி பறக்கவில்லையென்றால் இன்னொரு நிமிடம் வையுங்கள்.

நம்பிக்கை: சத்தெல்லாம் போய்விடும்.

உண்மை: நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்கும்போதுதான் வைட்டமின் சி அதிகம் வீணாகும். மைக்ரோவேவில் காய்க்குக் கொஞ்சம் தண்ணீர், கொஞ்ச நேரம் போதும்.

நம்பிக்கை: வறுவலும் இதிலேயே முடியும்.

உண்மை: ஈரம் இருக்கும்வரை உணவின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பொன்னிறமாக முறுக 140 டிகிரிக்கு மேல் வேண்டும். கிரில், கன்வெக்‌ஷன் வசதி இல்லாத மாடலென்றால், உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்தி இதில் வேகவைத்துக்கொண்டு, கடைசி முறுகலுக்கு வாணலியை ஏற்றுங்கள். எண்ணெயும் குறையும், கேஸும் மிச்சம்.